மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிறு... பாட்டிக்கு ஒரு படம்!

மாமல்லபுரம் போய் வந்த எந்தக் குடும்பத்தின் செல்போனைத் திறந்தாலும் ஒரு படம் நிச்சயம் இருக்கும். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே நின்று, இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடிப்பது போன்ற போஸ். செங்கல்பட்டில் உள்ள ஒரு வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. அதில் நிற்பவர் அந்த வீட்டுத் தாத்தா.

போன ஆண்டு தாத்தா காலமானபோது, மாலை போட ஒரு படம் தேடினார்கள். போனில் கிடைத்தது அந்த ஒன்றுதான். பாறை முழுசாக இருந்தது. ஓரத்தில் ஐஸ்க்ரீம் வண்டி இருந்தது. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். தாத்தா மட்டும் அரிசி மணி அளவுக்கு இருந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். கூடத்தில் இப்போது தொங்குவது அதுதான். யாரோ அதட்டி உட்கார வைத்தது போன்ற முகம்.

இதில் அந்த வீட்டை அதிகம் குத்துவது இன்னொரு விஷயம். தாத்தாவின் மகன் கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் போட்டோகிராபர். இருபது வருடத் தொழில். ஊரில் பாதிக் கல்யாண ஆல்பங்கள் அவர் கையால் வந்தவை. அப்பாவுக்கு மட்டும் ஒரு படம் இல்லை.

அதனால்தான் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இருட்டோடு ஒரு வாடகைக் கார் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குக் கிளம்பியது. உள்ளே 78 வயதுப் பாட்டி, மகள், மகன், பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தி. மகன் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். “நான் கேமராவைத் தூக்கினா அம்மா ஸ்டூடியோ முகம் வெச்சிடுவாங்க. நீயே எடு பாப்பா, நான் பக்கத்துல இருக்கேன்” என்று அக்கா மகளிடம் சொல்லிவிட்டார். பேத்தியிடம் இருந்தது, அம்மா பயன்படுத்திப் போட்ட பழைய செல்போன்.

கடற்கரையில் முதல் பாடம்

கார் கடற்கரைப் பக்கம் நின்றபோது மணி ஆறு. சூரியன் வர இன்னும் அரை மணி நேரம். கோயிலுக்கு வடக்கே மணலில் படகுகள் வரிசையாக இழுத்து விடப்பட்டிருந்தன. மீனவர்கள் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். பேத்தி இறங்கியதும் போனை நீட்டி கடலை நாலு முறை ‘க்ளிக்’ செய்தாள். நாலிலும் ஒரு மஞ்சள் புகைமூட்டம்.

மாமா போனை வாங்கி, சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், புகைமூட்டம் போய்விட்டது. நாள் முழுக்கப் பையிலும் கையிலும் புரளும் போனின் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அதைத் துடைப்பதற்கு ஒரு நொடி போதும். மங்கலாக வரும் படங்களில் பலவும் அந்த ஒரு நொடியில் சரியாகிவிடும்.

அடுத்து, கேமரா செட்டிங்ஸில் ‘கிரிட்’ என்று இருப்பதை இயக்கச் சொன்னார். திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடுகள் வந்தன. படத்தில் அவை பதிவாகாது. எடுக்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான். இதில் முதல் லாபம், கடல் சாயாது. கடலும் வானமும் சேரும் கோட்டை, திரையில் உள்ள குறுக்குக் கோட்டோடு பொருத்திவிட்டால் போதும். சாய்ந்த கடல் உள்ள படத்தில் தண்ணீரே ஒரு பக்கமாக வழிந்துவிடும் போலத் தெரியும்.

இரண்டாவது லாபம், எதை எங்கே வைப்பது என்பது புரியும். புதிதாகப் படம் எடுக்கும் எல்லோரும் எல்லாவற்றையும் நட்ட நடுவில் வைப்பார்கள். படத்தை மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளின் மேலோ, அவை வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் ஒன்றின் மேலோ வைத்துப் பார்த்தால் படத்துக்கு உயிர் வரும். ‘மூன்றில் ஒரு பங்கு விதி’ என்று இதற்குப் பெயர். கேமரா பிறப்பதற்கு முன்பே, 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், இயற்கைக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தப் பெயரோடு இதைச் சொல்லியிருக்கிறார்.

கடல்கோட்டை எங்கே வைப்பது? வானம் அழகாக இருந்தால் கோடு கீழே போகட்டும். வானத்துக்கு இரண்டு பங்கு. மணலும் படகும் அழகாக இருந்தால் கோடு மேலே ஏறட்டும். பேத்தி இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கு மேகம் இல்லை, வெறும் வானம். படகு இருந்த படமே நன்றாக இருந்தது. “விதின்னு மனப்பாடம் பண்ணாதே. ரெண்டு விதமா எடுத்து, கண்ணுக்கு எது புடிக்குதுன்னு பாரு” என்றார் மாமா.

கோயிலுக்குப் பின்னால் சூரியன்

கடற்கரைக் கோயிலுக்குள் நுழைந்தபோது புல்தரையில் பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டிய கோயில் இது. பெரிதும் சிறிதுமாக இரண்டு விமானங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்திருந்தால் இவ்வளவு அழகு இருந்திருக்காது. ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருப்பதால், கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கி அப்படியே கடலுக்குப் போகிறது.

மேற்கே நின்று பார்த்தால் சூரியன் கோயிலுக்குப் பின்னால் எழும். இந்த நேரத்தில் போன் குழம்பிப் போகும். வானத்துக்கு வெளிச்சம் சரியாக வந்தால் கோயில் கறுத்துவிடும். கோயில் தெரிந்தால் வானம் வெளுத்துவிடும். இரண்டில் எது வேண்டும் என்பதை எடுக்கிறவர்தான் சொல்ல வேண்டும். திரையில் வானத்தைத் தொட்டால் போன் வானத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்தால் இன்னும் இருளும். கோயில் கரு நிழலாக நிற்க, ஓரங்களில் பொன் கோடு விழும்.

பேத்தி அப்படி எடுத்ததும், பாட்டியையும் கோயிலுக்கு முன்னால் நிறுத்தினாள். பாட்டியும் கரு நிழலாகிவிட்டார். “என்னடி, என்னைக் கரி ஆக்கிட்ட?” என்று பாட்டி போனைப் பார்த்துச் சொன்னார். முகம் தெரிய வேண்டுமென்றால் சூரியன் எடுக்கிறவர் முதுகுப் பக்கமோ, பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். மாமா அம்மாவை மெதுவாகக் கோயிலின் மறுபக்கம் நடத்திக்கொண்டு போனார். கிழக்கேயிருந்து வந்த இளம் வெயில் பாட்டியின் கன்னத்தில் விழுந்தது. மூக்குத்தி மின்னியது. ஆனால் போனைத் தூக்கியதுமே பாட்டி கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, விறைத்து நின்றார். ஆதார் அட்டைக்கு நிற்பது போல. பேத்தி எடுத்தாள், எடுத்ததை அழித்தாள்.

சுற்றுச்சுவர் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளை அடுத்து எடுத்தார்கள். நேர் எதிரே நின்று எடுத்தபோது நாலு நந்திகள்தான் வந்தன. சுவரின் ஒரு முனைக்குப் போய், நந்தியின் உயரத்துக்குக் குனிந்து எடுத்தபோது, முன்னால் ஒரு பெரிய நந்தி, பின்னால் சிறிது சிறிதாகப் போகும் நந்தி வரிசை, கடைசியில் கோயில். சாலை, வேலி, படிக்கட்டு, படகு வரிசை என எங்கே கோடு கிடைத்தாலும் இப்படித்தான். கோட்டின் முனையில் நின்றால், அது பார்க்கிறவர் கண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்.

பல்லவச் சிற்பியிடம் கேட்டால்...

காலை எட்டு மணிக்கு அர்ச்சுனன் தபசு. இந்தப் பாறைச் சிற்பம் கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேரே விழும். ஏறத்தாழ 90 அடி நீளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். வந்தவர்கள் எல்லோரும் செய்வதையே பேத்தியும் செய்தாள்: பின்னால் பின்னால் போய், சாலையைக் கடந்து, முழுப் பாறையையும் ஒரே படத்தில் அடைத்தாள். படத்தில் இரும்பு வேலி, ஆட்டோ, மின்கம்பம், தலைகள் எல்லாம் வந்தன. சிற்பம் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

மாமா அவளை அருகே கூட்டிப் போய், பாறையைப் பத்து நிமிடம் சும்மா பார்க்கச் சொன்னார். நடுவில் ஒரு பிளவு. சிற்பி அதை மறைக்கவில்லை, அதையே நதியாக்கிவிட்டான். நாகங்கள் அதில் நீந்துகின்றன. மேலே தொட்டி கட்டி உண்மையிலேயே தண்ணீர் விழச் செய்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. இரண்டு பக்கமும் தேவர்கள், வேடர்கள், சிங்கங்கள், யானைகள் எல்லாம் அந்தப் பிளவை நோக்கியே திரும்பியிருக்கின்றன. அதனால், எங்கிருந்து பார்க்கத் தொடங்கினாலும் கண் நடுவுக்குத்தான் வந்து சேர்கிறது. சொல்ல வந்தது எது என்பதில் சிற்பிக்குச் சந்தேகமே இல்லை. ஏழாம் நூற்றாண்டில் உளியால் செய்த அதே வேலைதான் இன்றைக்குப் படம் எடுக்கிறவருக்கும்.

செல்போனில் அதை எப்படிச் செய்வது? ஒரே படத்தில் எல்லாவற்றையும் சொல்லும் ஆசையை விட வேண்டும். பேத்தி முதலில் பூனையைக் கண்டுபிடித்தாள். விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் தவம் செய்பவரை மேலே செதுக்கிவிட்டு, கீழே யானையின் காலடியில் அதே போஸில் ஒரு பூனை. பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள். பூனை தனியாக ஒரு படம். பெரிய யானையின் கால்களுக்கிடையே ஒளிந்திருக்கும் குட்டிகள் ஒரு படம். இரண்டு படமும் அந்த இடத்தைப் பற்றி, முழுப் பாறையின் படத்தைவிட அதிகம் சொல்லின.

ஜூம் செய்வதற்குப் பதில் நடந்து நெருங்குவது நல்லது. சாதாரண போன்களில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கும்போது படத்தின் தெளிவு குறைகிறது. நெருங்க முடியாத இடத்தில் மட்டும் ஜூம். எடுக்கும் முன் திரையின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். வேலியின் முனையோ, பக்கத்தில் நிற்பவரின் முழங்கையோ எட்டிப் பார்த்தால் ஓரடி நகர்ந்தால் போதும்.

பசு நக்கிய கன்று

அங்கிருந்து சில அடி தூரத்தில் கிருஷ்ண மண்டபம். கண்ணன் ஒரு கையால் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடிக்க, அதன் நிழலில் ஆயர்பாடி தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்குகிறது.

பாட்டியைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி மீண்டும் முயன்றார்கள். “இங்க பாருங்க ஆயா.” “சிரிங்க ஆயா.” “கொஞ்சம் இந்தப் பக்கம்.” ஆறு படம் எடுத்தார்கள். ஆறிலும் அதே ஆதார் முகம். ஒன்றில் தலைக்குப் பின்னாலிருந்து தூண் முளைத்திருந்தது. மகள்காரி எரிச்சலோடு, “விடுடி, அவங்களுக்குக் கால் வலிக்கும்” என்றார்.

பேத்தி போனை இறக்கிவிட்டாள். அப்போதுதான் பாட்டி அந்தப் பசுவைச் சரியாகப் பார்த்தார். அவர் வீட்டில் முப்பது வருஷம் மாடு இருந்தது. “டேய், இங்க வா” என்று மகனைக் கூப்பிட்டார். “நம்ம செவலை இப்படித்தான் பண்ணும். கன்னுக்குட்டிய முன்னால கட்டலேன்னா ஒரு சொட்டு இறக்காது. இவன் பாரு, எவ்வளோ பதமா உக்காந்திருக்கான். உங்கப்பா ஒரு நாளாவது இப்படிக் கறந்திருப்பாரா? நெட்டி உதை வாங்குவாரு!” சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் கறப்பது போலக் காட்டினார். சிரிப்பு வந்துவிட்டது.

மாமா எதுவும் சொல்லவில்லை. பேத்தியைப் பார்த்தார், மெதுவாக ஒரு பக்கம் விலகினார். அவ்வளவுதான்.

அவள் காலையிலிருந்து கேட்டதெல்லாம் ஒன்றாக அப்போது வந்தது. தூண் தலைக்குப் பின்னால் வராதபடி இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். வெளிச்சம் மண்டபத்தின் திறந்த பக்கத்திலிருந்து, பாட்டியின் முகத்தில் பக்கவாட்டாக விழுந்தது. பாட்டியைத் திரையின் வலப்பக்கக் கோட்டில் வைத்து, அவர் பார்க்கும் இடப்பக்கத்தைக் காலியாக விட்டாள். அங்கே பசுவும் கன்றும். ஒருவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விட்டால்தான் அவர் எதையோ பார்க்கிறார் என்பது தெரியும். இல்லாவிட்டால் சுவரில் முட்டிக்கொள்வது போல இருக்கும். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி, ஒன்றுக்கு ஐந்தாக எடுத்தாள். மூன்றில் கை அசைந்திருந்தது. ஒன்றில் கண் மூடியிருந்தது. ஒன்று நன்றாக வந்தது. அவள் அப்போது யாரிடமும் அதைக் காட்டவில்லை.

உச்சி வெயிலில் குகைக்குள்

பதினொரு மணிக்கு மேல் வெயில் செங்குத்தாக விழும். கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல், நெற்றியில் வெள்ளைத் திட்டு. அந்த நேரத்தில் முகங்களைத் திறந்த வெளியில் எடுக்காமல் இருப்பதே மேல். மாமல்லபுரத்தில் அதற்குக் குகைகள் இருக்கின்றன. குகை வாசலின் நிழலில், வெளியே பார்த்தபடி ஒருவரை நிறுத்தினால், மென்மையான வெளிச்சம் முகம் முழுக்கச் சமமாகப் பரவும். வீட்டில் சன்னலோரமும் இதே வேலையைச் செய்யும்.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள மகிஷாசுரமர்த்தினி குகையில் எதிரெதிரே இரண்டு சிற்பங்கள். ஒரு சுவரில் ஆதிசேஷன் மேல் திருமால் படுத்திருக்கிறார். எல்லாக் கோடுகளும் கிடைக்கோடுகள். பார்த்தாலே தூக்கம் வருவது போன்ற அமைதி. எதிர்ச் சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லோடு பாய்ந்து வருகிறாள். எருமைத் தலை அசுரன் பின்னால் சாய்ந்து பின்வாங்குகிறான். அங்கே எல்லாம் சாய்வுக் கோடுகள், ஒரே பரபரப்பு. படுத்த கோடு அமைதி, சாய்ந்த கோடு வேகம். இந்த இரண்டு சுவருக்கும் நடுவில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தால் எந்தப் பாடமும் இல்லாமலே இது புரிந்துவிடும். அமைதியான காட்சிக்குப் போனைப் படுக்கையாகவும், உயரமானதற்கு நிமிர்த்தியும் பிடிப்பதன் காரணமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பாட்டி படியேறவில்லை. கீழே மர நிழலில் மகளோடு உட்கார்ந்து கட்டுச் சோற்றைப் பிரித்தார். மேலேயிருந்து பேத்தி அதையும் ஒன்று எடுத்தாள்.

யானைக்குப் பக்கத்தில் எவ்வளவு சின்னவர்கள்!

மூன்றரை மணிக்கு ஐந்து ரதங்கள். மேற்கு வெயில் கல்லைப் பொன்னிறமாக்கும் நேரம். குடிசை போன்ற திரௌபதி ரதத்தில் தொடங்கி, அர்ச்சுனன், பீமன், தர்மராசர் என்று வரிசை தெற்கே போகிறது. நகுல சகாதேவ ரதம் மட்டும் தனியே தள்ளி, அதன் பக்கத்தில் ஒரு முழு யானை.

யானையை மட்டும் எடுத்தால் அது எவ்வளவு பெரியது என்று தெரியாது. பொம்மை யானை என்றாலும் நம்பிவிடலாம். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் அளவு உடனே புரியும். மலை, அருவி, கோபுரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குழந்தைகளை எடுக்கும்போது மட்டும், எடுக்கிறவர் குந்தி உட்கார்ந்து குழந்தையின் கண் உயரத்துக்கு வர வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பெரிய தலையும் சின்னக் காலும்தான் மிஞ்சும்.

அங்கே சுற்றுலா வந்திருந்த ஒரு குடும்பத்துச் சிறுவன் கற்சிங்கத்தின் வாயைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றான். அவன் அம்மா, “இங்க பாருடா, அம்மாவைப் பாரு” என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் பார்த்ததும் எடுத்தார். சிங்கத்தைப் பார்த்த முகம் போய்விட்டது. பேத்தி மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா சிரித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில்தான் பேத்தி ஒன்றைக் கவனித்தாள். காலையிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அவள் அம்மா இல்லை. பை தூக்கிக்கொண்டும், தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டும் எப்போதும் படத்துக்கு வெளியே நின்றிருந்தார். போனை மாமா கையில் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பிடித்து இழுத்தாள். “ஐயோ, முகமெல்லாம் எண்ணெய் வழியுது” என்றார் அம்மா. அந்த நொடியில் மாமா எடுத்துவிட்டார்.

அந்தப் பாறை, அதே இடம்

கடைசியாக வெண்ணெய் உருண்டை. சுமார் 20 அடி உயரம், 250 டன் எடை இருக்கும் என்று மதிப்பிடப்படும் பாறை, சரிவில் விழாமல் நிற்கிறது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இதன் முன்னால் கை கோத்து உயர்த்தி நின்ற படத்தை உலகமே பார்த்தது. இருவரும் முன்னால் நின்றார்கள். பாறை பின்னால் இருந்தது.

தாத்தாவை நிறுத்திய இடத்தில் அன்றைக்கும் ஒரு பெரியவர் கைகளைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார். அவரை எடுத்த பையன் சாலையோரம்வரை பின்னால் போயிருந்தான். பாறை முழுசாக வர வேண்டுமே! தாத்தாவுக்கு நடந்ததும் இதுதான். ஆளையும் பாறையையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, எடுக்கிறவர் பின்னால் போகப் போக ஆள் கரைந்துகொண்டே போகிறார். இதற்கு ஒரே வழி, ஆளையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவது. பாறை அங்கேயே இருக்கட்டும். அது எங்கும் போகாது. ஆள் கேமராவுக்கு ஆறேழு அடி தூரத்தில் நின்றால், இடுப்பு வரை தெளிவாக இருப்பார். பின்னால் பாறையும் முழுசாக இருக்கும். அதற்கும் நெருங்கி, அகலக் காட்சி லென்ஸில் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். அவ்வளவு கிட்டே வேண்டாம்.

மாமா அந்தப் பையனிடம் போனார். “தம்பி, அப்பாவை இன்னும் கொஞ்சம் முன்னால கூட்டிட்டு வாங்க” என்றார். பையன் திகைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே செய்தான். எடுத்துப் பார்த்தவன் முகம் மலர்ந்தது. பெரியவர் போனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி, தன் முகத்தைத் தானே உற்றுப் பார்த்தார்.

மாமா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

நூற்று நாற்பதில் ஒன்பது

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை. பேத்தியின் போனில் 140 படங்கள். மாமா கடைசி வேலையைச் சொன்னார்: “ஒரே மாதிரி அஞ்சு இருந்தா, ஒண்ண வெச்சிக்கிட்டு நாலை அழி. அழிக்கிறதுக்குள்ளதான் எது ஏன் நல்லா இல்லேன்னு தெரியும்.” வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆயிரத்தோடு ஆயிரமாகப் புதைந்துவிடும். டீ ஆறுவதற்குள் எண்ணிக்கை நாற்பதானது. இரண்டாவது டீயில் ஒன்பது.

ஒன்பதையும் பாட்டிக்குக் காட்டினாள். படகு, கோயில், பூனை, யானைக் குட்டி, மர நிழலில் கட்டுச்சோறு, எண்ணெய் வழியும் முகத்தோடு வெட்கப்பட்ட அம்மா. பாட்டி ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கிருஷ்ண மண்டபத்துப் படத்தில் விரல் நின்றது. பசுவும் கன்றும் ஒரு பக்கம். கறக்கிற கையும் சிரிப்புமாகத் தான் ஒரு பக்கம்.

“இது எப்ப எடுத்த?”

“நீங்க மாமாகிட்ட பேசும்போது, ஆயா.”

பாட்டி மகனைப் பார்த்தார். எதற்காக இந்தப் பயணம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“இதைப் பெரிசாப் போட்டுச் சட்டம் போட்டுடு” என்றார். “அப்புறம் மாலை போடறதுக்குன்னு எடுத்து வெக்காதே. இப்பவே மாட்டு. நானும் பாக்கணும்ல.”

புறப்படும் முன்...

* கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் காலை 6 முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு போதும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

* தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் செல்போனில் படம் எடுக்கலாம். முக்காலி, ட்ரோன் ஆகியவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். சிற்பங்களின் மேல் ஏறவோ சாயவோ வேண்டாம்.

* வெளிச்சத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்: விடியலில் கடற்கரைக் கோயில், காலையில் அர்ச்சுனன் தபசும் கிருஷ்ண மண்டபமும், உச்சி வெயிலில் குகைகள், பிற்பகலில் ரதங்கள்.

* நேரம் மிச்சமிருந்தால், வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் புலிக்குகை. பாறை முகப்பைச் சுற்றி யாளித் தலைகள் ஒரு சட்டம் போல அமைந்திருக்கின்றன. சட்டத்துக்குள் படம் எடுத்துப் பழக நல்ல இடம்.

* போனில் இடம் காலி செய்து, முழுதாக சார்ஜ் ஏற்றி, லென்ஸ் துடைக்க ஒரு பருத்தித் துணியும் எடுத்துச் செல்லுங்கள்.

* கிளம்பும் முன் ஒரு தடவை சரிபாருங்கள்: வந்திருக்கும் எல்லோருடைய முகமும் ஒரு படத்திலாவது இருக்கிறதா? முக்கியமாக, நாள் முழுக்கப் பை தூக்கியவருடைய முகம்!